ஒராலியாவின் பத்துப் பக்கம்

ரொட்டி வரிசையில் கிளம்பிய பேச்சு அது. ஒராலியா வீட்டுச் சமையலறையில் விடிகாலையில் ஓர் ஆம்பளைக் குரல் கேட்கிறதாம். கட்டைக் குரல், நடுநடுவே இருமல். முடிவெட்டும் எலியோவுக்கு அவன் மச்சினி சொன்னாள். மச்சினிக்குப் பின்வீட்டுக்காரி சொன்னாள். எலியோ அதைக் கொண்டுபோய், முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் நிவால்டோவிடமே இறக்கி வைத்தான். "தப்பா எடுத்துக்காதே மாப்ளே. உன் லாரி கிளம்பின கையோட எவனோ வர்றானாம்."

"கிளம்பின பிறகு எங்கே? நான் பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்கிறப்பவே வர்றான்" என்றான் நிவால்டோ. "நீ காதுப்பக்கம் கத்தியைப் பார்த்துப் போடு."

அந்த ஆம்பளை லியோனெல். கபைகுவான் ஊர்ச் சுருட்டாலையில் முப்பத்தோரு வருடம் மேடை நாற்காலியில் உட்கார்ந்து, கீழே ஒராலியாவோடு சேர்த்துச் சுருட்டுச் சுற்றும் நூற்றிருபது பேருக்குக் காலையில் செய்தித்தாளும் மதியம் நாவலும் வாசித்தவர். தொண்டை கெட்டுப்போய், போன மழைக்காலத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது ஒரு நாவலைப் பாதியில் விட்டுவிட்டார், அதுவும் கப்பல் தீப்பிடித்த இடத்தில்.

தீ அணைந்ததா என்று தெரியாமல் ஒராலியாவுக்குச் சோறு இறங்கவில்லை. நூலகத்தில் அதே புத்தகத்தை வாங்கி வந்து பிரித்தாள். ஒன்பது வரிக்கு மேல் ஓடவில்லை. பள்ளிக்கூடம் போனவள்தான், ஆனால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. மூடி வைத்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்: "இருபத்தெட்டு வருஷமா காதால வயிறாரத் தின்னிருக்கேன் கிழவா. கண்ணைப் பட்டினி போட்டுட்டேன்."

மறுநாள் ஒரு பக்கம். ஒரு வாரம் கழித்து இரண்டு. இப்போது பத்து, கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. காப்பி கொதிக்கும்போது தொடங்கினால் ரொட்டி வருவதற்குள் முடியும். பக்கத்தைத் திருப்புமுன் மூக்கருகே கொண்டுபோய் ஒரு முகர்வு. புகையிலையின் பதம் பார்த்த பழக்கம். விட்ட பக்கத்துக்கு அடையாளம், சுருட்டில் மாட்டும் காகித வளையம். வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு வரி நகரும், அதுவும் லியோனெலின் குரலில். புத்தகம் என்றாலே அவளுக்கு அந்தக் குரல்தான். அவர் நிறுத்துகிற மாதிரி நிறுத்துவாள், இருமுகிற மாதிரி இருமுவாள். காய்ச்சலிலும் பத்து. கரண்ட் போனால் சன்னலோரம் நின்றபடி பத்து. மாமியார் சாவுக்குப் போன பஸ்ஸில்கூடப் பத்து; நாத்தனார்கள் இன்னும் அதைச் சொல்லித் திட்டுகிறார்கள். கப்பல் கடைசியில் முழுகிவிட்டது. "வாளி எடுக்கத் தெரியாத பசங்க" என்று இரண்டு நாள் அந்த மாலுமிகள் மேல் கோபமாக இருந்தாள்.

லியோனெல் விட்டுப்போன நாற்காலிக்கு மூன்று பேர் போட்டிக்கு நின்றார்கள். ஒரு வாத்தியார், வானொலியில் பேசும் ஒரு பெண், அப்புறம் ஒராலியா. ஆளுக்கொரு நாள் வாசிக்க வேண்டும். சுற்றுகிறவர்கள் கேட்டுவிட்டு ஓட்டுப் போடுவார்கள்.

"உனக்கெதுக்குடி இந்த வம்பு? நல்லாத்தானே சுத்துறே" என்றாள் அடுத்த பலகை மிக்டாலியா.

ஒராலியா வலதுகை விரல்களை மடக்கிக் காட்டினாள். பாதிதான் மடங்கின. "வருஷம் திரும்பறதுக்குள்ள என்னை இலையில நரம்பு உரிக்கிற கொட்டகைக்குத் தள்ளிடுவாங்க. அங்க வாசிப்பு கேக்காது. வீட்ல நான் தனியாத்தான் படிக்கிறேன், சரி. கூட்டத்தோட கேக்கிற கதை வேறடி."

அவள் முறை வந்தது. இரண்டாம் பக்கத்தில், லியோனெல் எங்கே இருமியிருப்பாரோ அங்கே சரியாக இருமிவிட்டாள். அதே கனைப்பு, அதே இழுப்பு. கூடமே நிமிர்ந்து மேடையைப் பார்த்தது. பிறகு யாரோ, "ஐயா தண்ணி குடிங்க" என்று குரல் கொடுக்க, நூற்றிருபது பேரும் சிரித்தார்கள். காது மடல்வரை சிவந்துபோய், அந்த வரியை முதலிலிருந்து எடுத்தாள். இம்முறை வந்தது அவள் சொந்தக் குரல். மெல்லியது, கொஞ்சம் அவசரப்படுவது. வாசிக்கத் தனக்கு இப்படியொரு குரல் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

முடிந்ததும் இலை நறுக்கும் வளைகத்திகளைப் பலகையில் தட்டினார்கள், பிடித்தால் அப்படித்தான். பிடிக்கவில்லை என்றால் கத்தியைத் தரையில் போடுவது வழக்கம். "தட்டினது நாலு பேரா நாற்பது பேரா, காது அடைச்சுப்போச்சு. ஆனா ஒரு கத்தி கீழே விழுந்துச்சு" என்றாள் புருஷனிடம்.

"கைதவறி விழுந்திருக்கும்."

"இருபத்தெட்டு வருஷத்துல எங்க கூடத்துல எவன் கையும் தவறினது இல்ல."

ஓட்டு வெள்ளிக்கிழமை. எண்ணிவிட்டுச் சனிக்கிழமை காலையில் போன் செய்வதாக மேற்பார்வைக்காரி யாமிலே சொல்லியிருந்தாள். அன்று நிவால்டோவுக்கு லாரி கிடையாது. போனைக் கூடத்திலிருந்து கம்பி இழுபடும் தூரம்வரை நகர்த்தி, சமையலறை வாசலில் முக்காலிமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். ஒராலியா காப்பியை ஏற்றினாள், புதுப் புத்தகத்தைப் பிரித்தாள், சொந்தக் குரலிலேயே படித்தாள். ஒரு விதவையும் அவள் கழுதையும் சந்தைக்குப் போகிற கதை.

ஏழாம் பக்கத்தில் போன் அடித்தது.

நிவால்டோ எழுந்தான். அவள் கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை, வாசிப்பையும் நிறுத்தவில்லை. வலதுகை மட்டும் நீண்டு அவன் சட்டை நுனியைப் பற்றிக்கொண்டது. இழுத்தும் பார்த்தான், விடவில்லை, அந்த மடங்காத விரல்களையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். கழுதை ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.