முடிச்சு அவிழ்ந்தால்தான் நாடா

மருந்தை எடுத்துக் கொடுத்ததோடு மருந்தாளன் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள், ஒரே ஒரு வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளன். ஊர் வாயில் கம்பவுண்டர்.

பலகை

எங்கள் பெரிய டாக்டர் அம்மாவுக்கு ஒரு நாள் கோபம் வந்தது. "ஆண்டிபயாடிக் எழுதிக் கொடுக்கிறோம். வீட்டுக்குப் போய் அதை என்ன பண்றாங்கன்னே தெரியல மாணிக்கம். நீ உட்கார்ந்து கேளு, சொல்லு" என்று வராந்தாவில் எனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். 'மருந்து விவரம் கேட்குமிடம்' என்று பலகையும் மாட்டியாயிற்று. நான் மருந்துகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை மேசை நடுவில் கம்பீரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மாதம் பார்ப்பது, யாரும் வராவிட்டால் மேசையைத் தூக்கிவிடுவது என்று ஏற்பாடு.

முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கோயில் நடை எப்போது சாத்துவார்கள் என்று கேட்டார். இன்னொருவர் என் புத்தகத்தைப் பஞ்சாங்கம் என்று நினைத்து, பெண்ணுக்கு நாள் பார்க்கச் சொன்னார். மூன்றாவது ஆள் முசரவாக்கம் பஸ் எத்தனை மணிக்கு என்றார். தெரியாது என்றேன். புத்தகத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அவ்ளோ பெரிய புஸ்தகம் வெச்சிக்கினு, ஒரு பஸ்ஸு டயம் கூட இல்லியா சார்?"

அரக்குச் சிவப்பு

பட்டுக்குச் சாயம் போடும் துரைசாமிக்குக் கையில் கட்டி. பத்து நாள் காப்ஸ்யூலில் ஐந்து நாளுக்கு வாங்கிப் போயிருந்தவர், மீதிக்கு வந்தார். கவுண்டரில் வாங்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தார். "இது அது இல்ல சார். அது மொளகாப்பழச் செவப்பு. இது அரக்கு."

எனக்கு எரிச்சல். வேலை செய்வது உள்ளே இருக்கிற மருந்துதான், மேலே இருக்கிற நிறம் இல்லை என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். மனுஷர் நகரவில்லை. அவர் வாயை அடைக்கலாம் என்று உள்ளே போய் ஜாடியை எடுத்துப் பார்த்தேன். யாரோ ஜாடியை மாற்றி நிரப்பியிருக்கிறார்கள். அவர் கையில் இருந்தது வெறும் வைட்டமின். சரியான காப்ஸ்யூலை எடுத்து வந்து, தலையைக் குனிந்துகொண்டு நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் திருப்தியடைந்து, என் தோளில் தட்டினார்.

"பரவால்ல சார், வுடுங்க. சாயம் போட்டுப் பழகினாத்தான் அந்தக் கண்ணு வரும்."

பாதிப் பாதி

முனுசாமியும் அவர் மனைவி சரோஜாவும் ஒரே தறியில் நெய்கிறவர்கள். கோர்வைப் புடவைக்கு ஆள் இரண்டு வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால், இந்தப் பக்கம் முனுசாமி ஊடைநூல் சுற்றிய நாடாவை ஓட்டினால், அந்தப் பக்கத்துக் கரைக்குச் சரோஜா தன் நாடாவைத் தள்ள வேண்டும். ஒருத்தர் கை நின்றால் தறியும் நின்றுவிடும்.

முனுசாமிக்கு டைபாய்டு என்று வார்டில் சேர்த்தோம். பதினாலு நாள் காப்ஸ்யூல். ஐந்தாம் நாள் ஜுரம் விட்டதும், "தறி சும்மா கெடக்குது" என்று பிடிவாதம் பிடித்து, மீதி ஒன்பது நாள் மருந்தோடு வீட்டுக்குப் போனார். இரண்டு வாரத்தில் வண்டியில் படுக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. பெரிய டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குடல்ல புண்ணு இருக்கு மாணிக்கம். இன்னொரு தடவை இப்படி வந்தா ஓட்டை விழுந்துதான் வருவான். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

மருந்து என்ன ஆயிற்று என்று சரோஜாவை விசாரித்தேன். ஆளுக்குப் பாதி சாப்பிட்டார்களாம்! வீட்டுக்கு எது வந்தாலும் தறியின் இரண்டு பக்கத்துக்கும் சரிபாதி என்பது அவர்கள் வழக்கம். சரோஜாவுக்கு வந்திருந்தது சாதாரண இருமல். டைபாய்டு மருந்தை இருமலுக்குத் தின்பார்களா என்று கத்தினேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"அந்தாண்ட பக்கம் நான் இருமிக்கினு கெடந்தா, இந்தாண்ட பக்கம் அவரு மட்டும் நல்லாயிருந்து இன்னாத்த சார் நெய்வாரு?"

திருப்புட்குழிக்காரர்

அதே வாரம் திருப்புட்குழியிலிருந்து ஒரு விவசாயி, வெறும் ஜலதோஷத்துக்குப் பென்சிலின் ஊசி கேட்டு வந்தார். ஜலதோஷத்துக்கு அது கேட்காது, வீணாகப் போட்டால் நாளைக்கு நிஜமாக வேண்டியபோது பலிக்காமல் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடைசிவரை கேட்டார். எழுந்து பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊசி இல்லன்னு சொல்றதுக்குன்னு தனியா ஒரு ஆபீசரா?"

முதல் கேள்வி

முனுசாமிக்கு மறுபடி பதினாலு நாள் தொடங்கியது. மறுபடி ஐந்தாம் நாள் ஜுரம் இறங்கியது. மறுபடி தறி, தறி என்று நச்சரிப்பு. டாக்டர் அம்மா சொல்லிப் பார்த்தார், நர்ஸ் மிரட்டிப் பார்த்தாள், நான் கெஞ்சியே பார்த்தேன். கட்டிப்போட முடியுமா? எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. நாற்பது வயது கூட ஆகாத மனுஷர்.

அன்று சரோஜா என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஜொரம்தான் வுட்டுப்போச்சே. அதுக்கப்பறம் அந்த மாத்திரை உள்ள போயி இன்னா சார் பண்ணுது?" என்றாள். பலகை மாட்டிய நாளிலிருந்து மருந்தைப் பற்றி வந்த முதல் உருப்படியான கேள்வி. ஆசையோடு புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். கொட்டாவி விட்டாள். புத்தகத்தை மூடிவிட்டு, "முதல் நாலு நாள்ல சாகறது நோஞ்சான் கிருமிம்மா. முரட்டுக் கிருமி உள்ள பதுங்கிக் கிடக்கும். பாதியில நிறுத்தினா அது மட்டும் பெருகி வரும், அப்புறம் இந்த மாத்திரைக்கு அடங்காமலும் போகலாம்" என்றேன். "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று என்னையே அதட்டினாள்.

இடுப்பிலிருந்து கழிவுப் பட்டு நூலை எடுத்தாள். நாளுக்கு ஒரு நூல், நாலு வேளை மாத்திரைக்கு நான்கு முடிச்சு என்று ஒன்பது நூலில் போட்டாள். மாத்திரை தொண்டைக்குள் இறங்கினால் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். முழுவதையும் அவரே சாப்பிட வேண்டும், பங்கு கிடையாது. நேராக வார்டுக்குப் போய், அந்த நூல் கொத்தைப் புருஷன் முகத்துக்கு எதிரே ஆட்டினாள்.

"வீட்டுக்கு வா, தறியில குந்து, நான் வேணான்னு சொல்லல. முடிச்சு அவுந்தாத்தான் என் நாடா வரும்!"

என் மேசை டிராயர்

அவர் வீட்டுக்குப் போன ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் காலையில் வராந்தாவில் முனுசாமி நடந்து வந்தார். கன்னம் ஒட்டித்தான் இருந்தது, ஆனால் தன் காலால் நடந்து வந்தார். டாக்டர் அம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "தப்பிச்சான்" என்று சிரித்தார். மேசையைத் தூக்கும் பேச்சு அதோடு போயிற்று. சரோஜா ஒன்பது நூலையும் என் எதிரே போட்டாள். ஒரு முடிச்சு மிச்சமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

கைக்குட்டை எடுக்க டிராயரைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. உள்ளே ஒரு பொட்டலம். என் தொண்டைப் புண்ணுக்கு டாக்டர் அம்மா கொடுத்த மாத்திரை, மேலே என் கையெழுத்திலேயே 'மாணிக்கம், ஐந்து நாள்'. மூன்றாம் நாள் வலி விட்டதும் மறந்துபோனது. அன்று காலையிலிருந்து தொண்டை மறுபடி உறுத்திக்கொண்டிருந்தது வேறு. படிக்கத் தெரிந்த முனுசாமி சத்தமாக வாசித்தார். சரோஜா மிச்ச மாத்திரையைப் பார்த்தாள். நூல் ஒன்றை எடுத்து, முடிச்சுப் போட்டு, டிராயர் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினாள்.

"இத அவுக்கற வரிக்கும் யாருக்கும் விவரம் சொல்லாதீங்க சார்."

ஊருக்கெல்லாம் மருந்து விவரம் சொன்னவனுக்கு, ஐந்து நாள் மாத்திரையை முழுசாக விழுங்க ஒரு தறிக்காரி முடிச்சுப் போட வேண்டியிருந்தது என்பதை மட்டும், நான் இருந்தவரை அந்தப் பலகையில் யாரையும் எழுத விடவில்லை.