பொட்டிக்கு ‘ம்’ கொட்டுகிறவர்கள்

இந்த ஊர் டிராமில் நான் ‘ம்’ என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரம், காலை ஏழு மணி டிராம். துக்க வீட்டில்கூட நாலு பேர் பேசுவார்கள், இங்கே மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது. நான் காதில் கதையை மாட்டிக்கொண்டு ‘ம்’ கொட்டிக்கொண்டே வேலைக்குப் போகிறேன். போன வாரம் பக்கத்திலிருந்த மூதாட்டி ஏதோ கேட்டிருக்கிறார். கதைக்குச் சொன்ன ‘ம்’மைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டு, “டாங்கே” என்று நன்றி சொல்லி ஜன்னலைத் திறந்துவிட்டார். ஐப்பசிக் குளிர். இறங்கும்வரை பல் கிட்டிக்கொண்டிருந்தது.

என்ன செய்வது? நாமக்கல் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு ‘ம்’ கொட்டாமல் கதை கேட்க வராது. ‘ம்’ நின்றால் கேட்கிறவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம், கதையும் அதோடு நின்றுவிடும்.

என் அக்கா புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள். அஞ்சாவதோடு படிப்பு நின்றுபோனவள், ஆனால் கதை என்றால் உயிர். இங்கே வந்து நான்கு வருஷம் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் சமையலறையில் நின்று போனில் அவளுக்கு நாவல் படித்தேன். எனக்கு விடிகிற நேரம், அவளுக்கு முட்டை பொறுக்குகிற நேரம். கோழிச் சத்தத்துக்கு நடுவே ‘ம்’ வரும். இழுத்தால் சந்தேகம், வெட்டினால் கோபம், மூக்கால் வந்தால் அழுகிறாள். அவள் முகத்தைப் பார்க்காமலே எனக்கு எல்லாம் தெரியும்.

பிறகு வேறு வேலை கிடைத்தது. அந்த நேரத்தில் டிராமில் இருக்கவேண்டும், டிராமில் வாய்விட்டு நாவல் படித்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள். அதனால் அக்காவின் போனில் ஆடியோ புக் ஏற்பாடு செய்து கொடுத்தேன். நல்லதாகப் பொறுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒருவர் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார். இன்னொருவர், கதையில் யாரும் அழுவதற்கு முன்பே தானே அழுதுவிட்டார். ஒன்றில் பின்னணி இசை குரலை முழுங்கியது. கடைசியில் ஒருத்தி அகப்பட்டாள். அலட்டல் இல்லை, கிழவனுக்குக் கிழட்டுக் குரல் போடவில்லை, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினாள். கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினேன். கழுவி முடித்த பிறகும் குழாயடியிலேயே நின்றிருந்தேன். இவள்தான் என்று முடிவு செய்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது நானேதான்.

ஒரு மாசம் கழித்து மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஒரு வீடியோ அனுப்பினார். முட்டை அட்டை மேல் போன். அதில் அந்த ஆடியோ புக் பெண் படிக்கிறாள். அக்கா குனிந்து முட்டை எடுத்துக்கொண்டே “ம்ம்ம்...” என்கிறாள். எனக்கு அவ்வளவு நீளமாக ஒரு ‘ம்’ என்றைக்காவது போட்டிருப்பாளா? மாமாவின் குரல் சிரிக்கிறது: “பாரு அம்மிணி, உங்கக்கா பொட்டிக்கு ம் கொட்டறா!”

வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. முகம் தெரியாத ஒருத்தி மேல், காசு கட்டி நானே அனுப்பிவைத்த ஒருத்தி மேல், சக்களத்தி மேல் வருகிற ஆத்திரம். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிட்டேன்.

“ஏனுங்க்கா, அவ நல்லாப் படிக்கறாளா?”

“அட, என்னமாப் படிக்குது தெரியுமா சாமி! நீ பஸ்ஸப் புடிக்கப் போறவளாட்டம் ஓடுவ. இது நின்னு நிதானமா வருது.”

“அதுக்குப் பொட்டிக்கு எதுக்குங்க்கா ம் போடறீங்க? அவளுக்குக் கேக்கவா போகுது?”

“கேட்டாக் கேக்குது, கேக்காட்டிப் போகுது. ஒரு மனுசி அத்தன பாடுபட்டுச் சொல்றப்ப வாய மூடிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?”

“அப்ப நான் எதுக்குங்க்கா இனிமே?” என்று கேட்டே விட்டேன்.

“பைத்தியக்காரி,” என்றாள் அக்கா. “கேட்ட கதைய நான் யாருகிட்டச் சொல்றது? உங்க மாமங்கிட்டச் சொன்னா ரெண்டாவது வார்த்தையில கொறட்ட உடறாரு. இத்தன நாளு நான் கொட்டுனேனில்ல? இப்ப நீ கொட்டு.”

இப்போது தினமும் காலையில் அக்காவின் குரல் பதிவு வந்துவிடுகிறது. முந்தின நாள் கேட்டதைத் தன் வாயால் சொல்கிறாள். கதையில் வருகிற பெரிய பட்டணம் அவள் வாயில் நாமக்கல்லாகிவிடும், நாயகி புதுச்சத்திரத்தில் பஸ் ஏறுவாள், பிடிக்காதவன் ஒருவன் புத்தகத்தில் பிழைத்திருந்தாலும் அக்காவிடம் செத்துப்போவான். அதைத்தான் டிராமில் கேட்டுக்கொண்டு போகிறேன்.

அக்கா இப்போது நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள். அந்த நிதானம் ஆடியோ புக் பெண்ணிடமிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தெரியும், இன்னும் எரிகிறது. ஆனால் அந்தப் பெண் மூச்சு வாங்கத்தான் நிறுத்துவாள். அக்கா நிறுத்துவது எனக்காக. அந்த இடத்தில் ஒரு காதில் கோழிகள் கத்துகின்றன, மறு காதில் டிராம் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஜெர்மனில் சொல்கிறது. அக்கா காத்திருக்கிறாள். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தே, சத்தமாக, ‘ம்’ என்கிறேன்.