தோல் பட்டி

கார் வாங்கினால் முதல் ஓட்டம் கோயிலுக்குத்தான். எங்களுடையது ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்த கார். எங்களுக்கு அது புதிது. அந்த வெள்ளிக்கிழமை நாயையும் பின் சீற்றில் ஏற்றினோம். தனியே விட்டால் குரைக்கும். வெள்ளவத்தை பிளாட்டுகளில் சுவருக்கும் காது உண்டு, கீழ்வீட்டுக்காரருக்கு இன்னும் பெரிய காது.

மனைவி அர்ச்சனைத் தட்டை எடுக்க மேலே போயிருந்தாள். அப்போதுதான் எனக்கு ஆசாரம் பொங்கியது. நாயின் கழுத்துப் பட்டி தோல். பூசைக்குப் போகும் காரில் தோலா? கழற்றி, பிளாட்டின் கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்ற சைக்கிளில் மாட்டினேன். என் இடுப்பில் இருந்ததும் தோல் பெல்ட்தான். அது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

கோயில் வாசலில் ஐயர் காருக்குச் சந்தனம் பூசி, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார். நசித்து ஓட்டி நிறுத்தினேன்.

"இவனுக்கும் ஒரு பொட்டு வைப்பம்," என்று மனைவி பின்கதவைத் திறந்தாள். நடைபாதைப் பக்கக் கதவைத்தான் திறந்தாள், அவள் கவனமானவள். அதே கணத்தில் தேங்காய் சிதறியது. நாய் வெருண்டு பாய்ந்தது. அவள் கை கழுத்தைப் பிடிக்கப் போனது. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. காரைச் சுற்றிக்கொண்டு, வாகனம் நிறைந்த காலி வீதிக்குள் ஓடியது. வந்த ஓட்டோ பிரேக் அடித்தும் பிந்திவிட்டது.

உயிர் தப்பியது. பின்னங்கால் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது.

மிருக வைத்தியரின் வாசலில் அவள் அழுதாள். "காலம உலாத்தேக்க நான்தான் பட்டியைச் சரியாப் பூட்டேல்லைப் போல."

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "சரி, இனி அதைக் கதைச்சு என்ன, விடும்," என்றேன், பெருந்தன்மைக்காரன் மாதிரி. வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு முன் இறங்கி, சைக்கிளில் தொங்கிய பட்டியை எடுத்து சீற்றுக்கு அடியில் போட்டேன். அவளே அதைக் கண்டெடுத்தாள். நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான்.

இப்போது கார் நின்றதும் அவள் கதவைத் திறப்பதில்லை. முதலில் பட்டியை இழுத்துப் பார்ப்பாள். பிறகு வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, நாயின் காதுக்குள் ஒவ்வொரு முறையும் ஒன்றே சொல்வாள்.

"அம்மாவை மன்னிச்சுக்கொள் ராசா."

நான் காரைப் பூட்டும் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.