மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

என் கணவர் சிகரெட் பிடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் நம்புவதில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர்கூட நம்பவில்லை. என் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “நீங்க பிடிப்பீங்களாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “வீட்டுக்காரர்?” அவரும் இல்லை. “அப்புறம் எங்கேருந்து?” என்று புருவத்தைத் தூக்கினார். “சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கோம் டாக்டர்,” என்றேன்.  மருந்து உறிஞ்சுகிற குழாயை எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் காட்டும்படி டாக்டர் நர்ஸிடம் சொன்னார்.

எங்கள் கடை மலேசியாவில், பத்து பாகாட் ஊரில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின் சந்தில். காலையில் ரொட்டி சானாயும் தோசையும், மதியம் வாழையிலைச் சாப்பாடு. துணி ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், லாரிக்காரர்கள், பென்ஷன் வாங்கியும் வீட்டில் உட்காரத் தெரியாதவர்கள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கை. இவர்களுக்கு வேர்க்கக் கூடாது என்று என் கணவர் வாசல் தூணில் ஒரு பெரிய மின்விசிறி மாட்டினார். காற்று வாசலில் கிளம்பி, மேசைகளைத் தடவிக்கொண்டு, கடைசியில் கல்லாவில் வந்து நிற்கும். கல்லாவில் யார்? நான். வாசல் மேசையில் ஒருவர் பற்ற வைத்தால் என்ன பிராண்ட் என்று நிமிராமலே சொல்லிவிடுவேன். அப்படி ஒரு வித்தை எனக்கு வந்திருந்தது, யாரும் கைதட்டவில்லை.

என் கணவர் எல்லோருக்கும் நல்லவர். அப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நான் இருமினால் அவருக்கு மனசு கேட்காது, அதையும் சொல்ல வேண்டும். ஓடி வந்து சுடுதண்ணீர் கொடுப்பார், முதுகைத் தேய்த்துவிடுவார். பிறகு கல்லா மேசையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுவார். அப்படித் தள்ளித் தள்ளி, முன்வரிசை மேசைகளை அடுத்து இருந்த கல்லா நடுவுக்கு வந்து, நடுவிலிருந்து பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போய்விட்டது. அதற்கும் பின்னால் கக்கூஸ்தான். ஒருநாள், “நீ கொஞ்ச நாள் வீட்ல இரேன்,” என்றார். நாற்பது பேருக்கு இலை போடும் நேரத்தில் வீட்டில் இருந்துகொண்டு நான் என்ன செய்வது? எப்போதும் அவர் நகர்த்துவது என்னைத்தான். புகையை நகர்த்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்த நேரத்தில்தான் சட்டம் வருகிறது என்று பேச்சு வந்தது. சாப்பாட்டுக் கடைகளில் இனிமேல் யாரும் புகைக்கக் கூடாது, பிடிக்க வேண்டுமென்றால் மூன்று மீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டும். எங்கள் வாசல் மேசையில் அன்றைக்குப் பார்லிமென்டே கூடிவிட்டது. அந்த மேசைக்குத் தலைவர் ஒரு பழைய லாரிக்காரர். எல்லோருக்கும் அவர் பெரியண்ணன். ஜோகூரிலிருந்து தாய்லாந்து எல்லை வரை ஓட்டியவர். என்னைத் தங்கச்சி என்பார். என் மகள் பிரசவத்துக்கு நடுவில் ரத்தம் தேவைப்பட்டபோது, நான்கு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு முதலில் வந்து நின்றவரும் அவர்தான். அதனால் அவரைத் திட்டவும் எனக்கு வராது.

“தே தாரிக்கும் சிகரெட்டும் புருஷன் பொண்டாட்டி லா. பிரிக்கலாமா?” என்றார் பெரியண்ணன்.

“லாரி விடற புகைக்குச் சட்டம் இல்ல, நாம விடற புகைக்குத்தான் சட்டமா?” என்றார் இன்னொருவர்.

என் கணவர் அந்தத் தே தாரிக் தேநீரை நுரை வர ஆற்றிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சட்டம் வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அவர்களைவிட இவர்தான் அதிகம் புலம்பினார். தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல எனக்கு மூச்சு இருந்திருக்குமோ என்னவோ.

சட்டம் வந்தது. என் கணவர் கடைக்கு முன்னால், கார் நிறுத்தும் இடத்தில், மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்து ஒரு கோடு போட்டார். புகைக்கத் தடை என்ற போர்டும் வந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் இவர் ஒவ்வொரு மேசையாகப் போய், “மன்னிச்சுக்குங்க அண்ணே, நம்ம கையில ஒண்ணும் இல்ல. சட்டமாச்சே, என்ன பண்றது? அரசாங்கத்துக்கு வேற வேல இல்ல,” என்று கெஞ்சியதைக் கேட்டபோது சந்தோஷம் பாதி கரைந்துவிட்டது. என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். “என் வீட்டுக்காரிக்கு ஆகாது” என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. சட்டத்துக்குத் தெரிந்த என் நெஞ்சு, தாலி கட்டியவருக்குத் தெரியாதா?

ஒருமுறை கேட்டும் விட்டேன். “எனக்காகன்னு சொன்னா என்ன?” என்றேன்.

“அப்படிச் சொன்னா அவங்க மனசு சங்கடப்படும்,” என்றார்.

“என் நெஞ்சு?”

“அதான் சட்டம் வந்துருச்சே,” என்றார். பூனைக்கு மணி கட்ட அரசாங்கமே வந்துவிட்டதில் அவருக்குப் பெரிய நிம்மதி.

பெரியண்ணன் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் தன் வேனிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தார். வேனை எங்கள் வாசலுக்கு நேரே நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, எங்களைப் பார்த்து ஊதுவார். அவர் மனசு நோகக் கூடாதே என்று என் கணவர் ஒரு யோசனை செய்தார். இரண்டு மேசைகளைத் தூக்கிக்கொண்டு போய் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டார், குடை ஒன்றும் நட்டார். பெரியண்ணன் வேனை விட்டு இறங்கிவிட்டார். கடையே கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. தோசை அங்கே போகிறது, சட்னி அங்கே போகிறது, உள்ளே நானும் மின்விசிறியும்தான்.

சுகாதார இலாகாவிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண் சோதனைக்கு வந்தாள். சிரித்த முகம். அந்த இரண்டு மேசைகளைப் பார்த்தாள், தோசைத் தட்டைப் பார்த்தாள். “அபாங், மேசை எங்கே இருக்கோ அதுவும் கடைதான். அந்த மேசையிலிருந்து மூணு மீட்டர்,” என்று என் கணவரை அண்ணன் முறை வைத்து மலாயில் பொறுமையாகச் சொன்னாள். அவள் போனதும் இவர் அந்த மேசைகளுக்கு அப்பால் இன்னொரு மஞ்சள் கோடு போட்டார். சும்மா இருப்பாரா? சில நாளில் ஒரு மேசை மெதுவாக அந்தக் கோட்டையும் தாண்டியது. கோடு ஓட, மேசை துரத்த, விட்டிருந்தால் சாலையைக் கடந்து எதிர்ச் சீனர் கடையில்தான் நின்றிருக்கும். அடுத்த முறை அந்தப் பெண் வந்து, முதல் கோட்டில் நின்றபடி கடைசிக் கோட்டைப் பார்த்து, “இது என்ன அபாங், ஓட்டப் பந்தயமா?” என்றாள். அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அன்று மாலையே மேசைகள் உள்ளே வந்தன.

பிறகு எல்லாம் ஒரு வழக்கத்துக்கு வந்தது. பிடிக்கிறவர்கள் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிச் சாக்கடை ஓரம் போய் நிற்பார்கள். சாக்கடைத் திட்டில் விட்டுப்போன கிளாஸ்களைப் பொறுக்குவது என் வேலை. மழை வந்தால் அவர்கள் கூரையுள்ள கடை நடைபாதைக்கு ஓடி வருவார்கள், சிகரெட்டும் கூடவே வரும். நான் போர்டைக் காட்டுவேன். “மழைக்கு மட்டும் தங்கச்சி,” என்பார் பெரியண்ணன். அவர் அணைப்பதற்குள் நான் மருந்துக் குழாயைத் தேட வேண்டியிருக்கும். இப்போது வேப் என்கிற மின் சிகரெட் வேறு வந்துவிட்டது. ஸ்ட்ராபெரி வாசத்தோடு மேகம் மேகமாக விடுகிறார்கள். “இது புகை இல்ல அக்கா, ஆவி,” என்று எனக்கு விளக்கம். இட்லி வேகிற இடத்தில் நிற்கிறவளுக்கு ஆவி தெரியாதா? சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும் ஆசைகூட மெல்ல அலுத்துக்கொண்டு வந்தது.

சென்ற வருடம் பெரியண்ணன் இறந்துபோனார். மாரடைப்பு. காலையில் எங்கள் கடையில் தோசை சாப்பிட்டுவிட்டுப் போனவர், மதியம் இல்லை. எனக்கு அழுகை வந்தது, நிஜமான அழுகை. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் போனோம்.

தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. வாசலை அடைத்துக் கூடாரம், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் தப்பு அடிக்கிறவர்கள். பெண்கள் எல்லாம் உள்ளே அண்ணனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாம்பிராணிப் புகை கூரை வரைக்கும் நின்றது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. அண்ணியே பார்த்துவிட்டு, “நீ வெளியே காத்தாட உக்காரும்மா,” என்றார். புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்திலும் அதைக் கவனித்தார்.

வெளியே கூடாரத்தில், ஆண்களுக்கு நடுவே, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் உட்காரவும் தட்டு வரவும் சரியாக இருந்தது. சாவு வீட்டுத் தட்டு எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெற்றிலை, பாக்கு, மிட்டாய், கச்சான் கடலை, நடுவில் ஒரு கிளாஸ் நிறைய சிகரெட், பக்கத்தில் தீப்பெட்டி. வந்தவர்களுக்கு அதை நீட்டுவது மரியாதை. வாங்காவிட்டால் வீட்டார் முகம் வாடும். அண்ணனின் மருமகன் ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு வந்தார். இருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கடை வாசல் மேசைக்காரர்கள். “அண்ணன் ஞாபகமா ஒண்ணு,” என்று எடுத்துப் பற்ற வைத்தார்கள். பிடிப்பதை விட்டு வருடமானவர்கள்கூட எடுத்தார்கள். கூடாரத்துக்குக் கீழே புகை போக இடம் இல்லை.

ஒருவர் என் கணவரைப் பார்த்து, “இங்க மஞ்சக் கோடு இல்ல அண்ணே,” என்று மெல்லச் சிரித்தார். “இது கடை இல்ல. வீடு.”

அவர் சொன்னது சரிதான். சாவு வீட்டுக்குச் சட்டம் வராது, அந்த மலாய்ப் பெண்ணும் வர மாட்டாள். எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன். தப்பு அடிக்கிறவர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தார்கள், என் இருமல்தான் கூடாரம் முழுக்கக் கேட்டது. அவமானமாக இருந்தது. அண்ணனை எடுக்கும்வரை இருக்க வேண்டும் என்றுதான் வந்தேன். ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வந்தவருக்கு அதுகூடச் செய்யாமல் எப்படிப் போவது? என் கணவர் எழுந்தார். எனக்குத் தெரியும், வந்து என் கையைப் பிடித்து, “வா, போலாம்,” என்பார். கல்லாவைத் தள்ளிப்போட்ட மாதிரி என்னைத் தள்ளிக்கொண்டு போவார். காலடியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் என்னிடம் வரவில்லை. மருமகன் கையிலிருந்து தட்டை வாங்கினார். கூடாரத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் பெரியண்ணனின் வேன் நின்ற இடத்துக்குப் போனார். வேனின் முன்பக்கத்தில் தட்டை வைத்தார். பிறகு திரும்பி வருகிற வழியில் நின்று, செருப்பால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். கோணலான கோடு. கைப் பழக்கம் காலுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். முன்பு சிரித்தவர், “என்னாண்ணே இது? இங்கேயுமா சட்டம்?” என்றார். இந்த முறை குரலில் சிரிப்பு இல்லை.

“சட்டம் இல்ல,” என்றார் என் கணவர். அவருக்குக் குரல் நடுங்கியது. எல்லோருக்கும் நல்லவர் அல்லவா, பாவம், பழக்கம் இல்லை. “என் வீட்டுக்காரிக்கு ஆகாது. ரொம்ப வருஷமாவே ஆகாது. அங்க போயி பிடிங்க.”

 மருமகனின் முகம் சுருங்கியது, அது எனக்குத் தெரிந்தது. பிறகு கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். ஒவ்வொருவராக எழுந்து, சிகரெட்டை மறைத்துப் பிடித்துக்கொண்டு, அண்ணன் வேன் பக்கம் போனார்கள். ஓரிருவர் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். தப்பு மறுபடி ஆரம்பித்தது.

என் கணவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வியர்த்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“போலாமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றார். “அண்ணனை எடுக்கற வரைக்கும் இருப்போம்.”

மடியிலிருந்த கைப்பையை மறுபடி கீழே வைத்தேன்.