மாலை கழுத்தில் இருந்த நாட்கள்

வருடத்தில் நாற்பத்தெட்டு நாள் என் வீட்டுக்காரர் குடிக்கமாட்டார். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வார். இந்தியாவுக்குப் போய்வர எங்களுக்கு வசதி ஏது? நாற்பத்தெட்டு நாள் முடிந்ததும் டவுன் கோயிலில் இருமுடியை இறக்கிவிட்டு மாலையைக் கழற்றுவார். அதுவரை தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டில் சத்தம் இருக்காது. மீதி நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பக்தி அவருக்கு, பாடு முழுக்க எனக்கு. விடிய நாலு மணிக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அடுப்பைத் தொட வேண்டும். பசறைப் பக்கத்து மழைக் குளிரில், மலையிலிருந்து பீலியில் கொட்டும் தண்ணீர் எப்படியிருக்கும் என்பது அதில் நின்று குளித்தவர்களுக்குத் தெரியும். அவருக்குத் தனிப் பாத்திரம், தனி டம்ளர், தனிப் பாய். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் நான் போய்க் கெஞ்ச வேண்டும். மாதத் தொல்லை நின்றுபோனது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த சலுகை. இதையெல்லாம் முடித்துவிட்டுப் பிள்ளைமடுவத்துக்கு ஓடி, கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே அழுகிற பிள்ளைகள், வீட்டுக்கு வந்தால் இந்தச் சாமி.

சாமி என்றுதான் அவரைக் கூப்பிட வேண்டும். அவரும் எல்லோரையும் சாமி என்பார். என்னை, பக்கத்து வீட்டுக்காரரை, ரொட்டித் துண்டுக்கு வரும் நாயை. "அங்கிட்டுப் போங்க சாமி" என்று நாயிடம் அவர் கெஞ்சியபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போன மாதம் அதே நாயை விறகுக் கட்டையால் அடித்தவர். அந்தக் கட்டையை என் முதுகுக்கும் தெரியும்.

ஆனால் எல்லாம் வேஷம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாள் பூசை முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தவர், "உள்ளுக்குள்ள ஒரு இரைச்சல் எப்பவும் இருக்கும் சாமி. இப்ப இல்ல" என்றார். அப்போது அவர் முகம் எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அதற்குமேல் பார்த்தால் ஆசை வந்துவிடும் என்று பயம்.

குருசாமி பஜனையில் தினமும் ஒன்றைத்தான் சொல்வார். பற்றை விடுங்கள், பற்றுதான் துன்பம். தோட்டத்துக் கோயில் மைக் லயம் வரைக்கும் கேட்கும். நான் அரிசி களைந்துகொண்டே, வீடு வேண்டாம், நகை வேண்டாம், கொழும்பில் இருக்கிற பிள்ளைகள் போன் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பேன். இந்த நாற்பத்தெட்டு நாளை மட்டும் விடமாட்டேன்.

முப்பதாவது நாள் மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மொனராகலையிலிருந்து என் நாத்தனாரின் மகள் போன் செய்தாள்.

"அத்தை, அம்மா போயிருச்சு. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம். மாமாகிட்ட சொல்லிருங்க."

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் ஒரே அக்கா. ஒரு காலத்தில் மண்டை உடைந்து, இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நான் பஸ் ஏறிப் போனது அவர் வீட்டுக்குத்தான். தம்பிக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தையல் போட்ட தலையில் தண்ணீர் படாமல் மூன்று வாரம் எனக்குத் தலை துடைத்துவிட்டார். பிறகு இங்கே வந்து, தம்பியின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குருசாமி முன்னால் நிறுத்தி, முதல் மாலையைப் போடவைத்தவரும் அவர்தான்.

அப்பேர்ப்பட்டவர் செத்துப்போனார் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறதே என்பதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. கூடப் பிறந்தவள் செத்தால் தீட்டு. மாலையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் சாவு வீட்டில் பின்பக்கம் போத்தல் இருக்கும். அதற்குப் பிறகு நடப்பது எனக்கு மனப்பாடம்.

கட்டிக்கொடுத்த அக்காதானே, தீட்டு மூன்று நாள்தானே, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். மாலை போட்டதிலிருந்து அவர் போனைத் தொடுவதில்லை. ஆகவே விஷயம் என்னோடு நிற்கும். சாயங்காலம் அவர் வந்தார். சோறு போட்டேன். பாதியில் கையைக் கழுவிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் விடிய பீலியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தேன். அவர் குளிக்கப் போகாமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா செத்துருச்சு" என்றார்.

நான் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

"நேத்து மத்தியானமே தெரியும். அக்கா மக குருசாமிக்கும் போன் போட்டிருக்கு. நீ சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லல. சரி, நாமளும் தெரியாத மாதிரியே இருந்துருவோம்னு நெனச்சேன்."

சாமி என்ற சொல் அவர் பேச்சில் இல்லை. அதைக் கவனித்ததும் அவர் கழுத்து மாலையைப் பார்த்தேன்.

"முடியல. பொறந்த வீட்டுக் கோடி போட என்னைய விட்டா அதுக்கு யாரு இருக்கா?"

எங்களுக்குள் அது பெரிய விஷயம். எத்தனை பேரன் பேத்தி எடுத்தாலும், செத்த பெண்ணின் மேல் கூடப் பிறந்தவன் கொண்டுவரும் கோடிச் சேலை விழ வேண்டும். அது இல்லாமல் போனால் அவளை நாதியற்றவள் என்பார்கள். எனக்குத் தலை துடைத்த அந்த மனுஷியை நாதியற்றவளாக்கத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவரும்தான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே கள்ளத்தனத்தை வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறோம்.

குருசாமி வந்து மாலையைக் கழற்றினார். அதை வாங்கிச் சாமி படத்தில் போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "அங்க என்னைய விட்டுட்டு எங்கிட்டும் போயிறாத" என்றார். அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பசறையில் துணிக்கடை முஸ்லிம் முதலாளி கடை திறக்கப் பலகையை எடுக்கும்போதே உள்ளே போனோம். யாருக்கு, எதற்கு என்று அவர் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே கோடிச் சேலைகளை எடுத்துப் போட்டார். மொனராகலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சரிந்துகொண்டு, பார்சலை மடியில் வைத்துக்கொண்டு போனோம். கீழே இறங்க இறங்கப் புழுங்கியது. என் வீட்டுக்காரரின் விரல்கள் பார்சல் நூலை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தன. நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே போனேன்.

சாவு வீட்டில் பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அவர் கோடியைப் போட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கண் பெட்டியின் பக்கம் இல்லை. வாசலில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் நின்று, முகவாயால் பின்பக்கம் காட்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் இவரைக் காணோம்.

நான் பின்பக்கம் போனேன். ஆம்பிளைகள் குந்தியிருக்கும் இடத்துக்குப் பொம்பளை போவது வழக்கமில்லை. இவர் கையில் பிளாஸ்டிக் கோப்பை இருந்தது, வாய்க்குப் போகவில்லை. நான் போய் எதிரில் நின்றேன். "பொண்டாட்டி பெரட்டுக்கு ஆள் எண்ண வந்துருச்சு" என்று யாரோ தோட்டத்துக் காலைக் கணக்கெடுப்பை வைத்துக் கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கால் கடுத்துப்போனது. உள்ளே வாய்க்கரிசி போடக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அப்போதும் நான் நகரவில்லை. கடைசியில் அவர் கோப்பையை மண்ணில் கவிழ்த்துவிட்டு எழுந்தார். நாங்கள் முன்பக்கம் வந்தபோது பெட்டியை மூடி ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மாலை இல்லாமலே தைப்பொங்கல் வரைக்கும் தாக்குப்பிடித்தார். பிறகு பழைய கதைதான். அதற்கு இப்போது எனக்கு ஆத்திரம்கூட வருவதில்லை, அலுத்துப்போய்விட்டது. அடுத்த கார்த்திகைக்கு மறுபடி மாலை போடுவார், நான் மறுபடி பீலியில் நடுங்குவேன்.

எனக்கு ஆறாதது வேறு. அன்று கிளம்பும்போது நாத்தனாரின் மகள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"அம்மா மொகத்தப் பாத்தீங்கல்ல அத்தை? தூங்குற மாதிரியே இருந்துச்சுல்ல?"

நான் அந்த முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

"ஆமாம்மா" என்றேன். "சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு."