ஓநாயோடு வந்தவர்

சின்னம்மா எங்கள் வாசலில் வந்து நின்ற காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இடது காதில் தோடு இல்லை. மடல் கிழிந்து, இரத்தம் சட்டையில் காய்ந்திருந்தது. அம்மாவின் தங்கை அவர். கற்பிட்டிப் பக்கம் ஒரு மீனவருக்கு வாழ்க்கைப்பட்டவர். நான் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் வெந்நீர் எடுத்து வந்தார்.

அந்த வாரமே சின்னம்மாவின் கணவரான சித்தப்பா வந்தார், கோயில் உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு. உபதேசியார் கதிரையில் அமர்ந்து வேதாகமத்தைத் திறந்து, நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போன உவமையை ராகத்தோடு வாசித்தார். மேய்ப்பன் அதைக் கண்டுபிடித்துத் தோளில் சுமந்து வந்த இடத்தில் அவருக்குக் கண் கலங்கியது. பிறகு சின்னம்மாவைப் பார்த்து, "நீயும் வழிதவறின ஆடுதான் பிள்ளை. உன்னைத் தேடித்தானே வந்திருக்கிறம்," என்றார். சித்தப்பா பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர் போலத் தலை குனிந்து நின்றார்.

"அவளின்ர காதைப் பாருங்கோ ஐயா," என்றார் அம்மா.

"செம்மறியாடு சத்தம் போடாது அம்மா. பொறுமைதான் அதுக்கு அழகு," என்று உபதேசியார் புத்தகத்தை மூடினார். சின்னம்மா அவர்களோடு போனார்.

அடுத்த முறை கை முறிந்தது. அப்போது அவர் எங்களிடம் வரவில்லை. வந்து என்ன பயன்? தில்லையடியில் கருவாட்டு வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் பெண்ணிடம் போனார். அவரை எல்லோரும் ராத்தா என்போம். உபதேசியாரும் சித்தப்பாவும் அங்கேயும் போய் நின்றார்கள். ராத்தா கேற்றைத் திறக்கவில்லை.

"இவ எதுக்கு ஓடி வந்தா எண்டு ஒரு தரமாவது கேட்டீங்களா?" என்றாராம். இருவரும் திரும்பினார்கள். சின்னம்மா அங்கேயே தங்கி, ராத்தாவோடு சந்தைக்குப் போய்த் தொழில் பழகி, பிறகு தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டார்.

அந்த உவமையை எத்தனையோ முறை படித்துவிட்டேன். ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பன் ஓநாயையும் கூட்டிக்கொண்டு போனதாக எங்கும் இல்லை. ஓநாயைக் கண்டு ஓடுகிறவனைக் கூலியாள் என்கிறது வேதம். ஓநாய்க்கு வழிகாட்டி வருகிறவனுக்கு அதில் ஒரு பெயர்கூட இல்லை.

சின்னம்மா இன்றும் பூசைக்குப் போகிறார். அந்த வாசகம் வரும் ஞாயிறுகளில் நான் எழும்பப் பார்த்தால் கையைப் பிடித்து இழுப்பார்.

"இரு பிள்ளை. அது ஆண்டவர் சொன்ன கதை. அவங்களின்ர கதை இல்லை."

அவரால் அப்படிப் பிரித்துப் பார்க்க முடிகிறது. என்னால் இன்னும் முடியவில்லை. கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன்.