யார் கடிதமும் யாருக்கும் காட்டப்படாது

ஆள் எழுந்து வாசலைத் தாண்டுவதற்குள் அக்சா அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அவர் மூடாமல் விட்டுப்போன மெயிலை இடது கையால் மறைத்துக்கொண்டு வலது கையால் மூடுவாள். எந்தெந்தப் பக்கம் போய்வந்தார் என்ற தடத்தைத் துடைப்பாள். பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கணினி கேட்டதற்கு அவர் ‘சரி’ கொடுத்திருந்தால் அதையும் எடுத்துவிடுவாள். காத்திருக்கும் காலேஜ் பையன்கள் முணுமுணுப்பார்கள்.

“எச்ச இலைல சோறு போட்டா துன்னுவியா? இரு, தொடச்சிட்டுக் கூப்புடறேன்” என்பாள்.

அக்சா என் தங்கை. ஆம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இருக்கும் பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்கிறாள். நான் பத்தாவதோடு ஷூ கம்பெனிக்குப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் கணினி படித்தவள் அவள் ஒருத்திதான். கம்பெனியில் யாராவது, “உன் தங்கச்சி இன்னா பண்ணுது?” என்று கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

மத்தியானம் கடை காலியாகும். அப்போது வருகிறவர்கள் பிளாட்பாரத்திலும் மார்க்கெட் கொட்டகையிலும் படுக்கிறவர்கள். அவர்கள் படுக்கும்போது தலைமாட்டில் இருக்கும் பை எழுந்திருக்கும்போது இருக்காது. அதில்தான் ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இருக்கும். அக்சா அவற்றை ஸ்கேன் செய்து, அவரவருக்கு ஒரு மெயில் திறந்து, அதற்குள் போட்டு வைப்பாள். “பை போனாப் போவுது. பேப்பர் எங்கயும் போவாது” என்பாள். கடை முதலாளி இஷ்தியாக் அகமது எட்டிப் பார்த்து, “கூட்டம் ஜாஸ்தி, கலெக்‌ஷன் கம்மி” என்று புலம்புவார். “கரண்ட் வீணாப் போவுதேன்னுதான் பாய்” என்பாள் இவள். அவர் சிரித்துவிட்டுப் போவார், தடுத்ததில்லை.

அப்படி மெயில் திறந்துகொண்டவர்களில் ஒரு பெண்ணைத் தேவகி என்று எழுதுகிறேன். அது அவர் பெயர் இல்லை. நிஜப் பெயரைப் போட அக்சா விடவில்லை. அந்தப் பெண்ணின் கணவன் பெயரையும் மாற்றச் சொன்னாள். அந்தப் பையன் வேறு விடுதிக்கு மாறின பிறகுதான் எழுதவே சம்மதித்தாள்.

தேவகி கணவனின் அடி தாங்காமல் மகனோடு ஓடி வந்தவர். அந்த ஆளுக்குப் பையனைத் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பயந்து தேவகி பையனை ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு, இவர் பெண்கள் வெயிட்டிங் ரூமில் படுத்துக்கொண்டு ஷூ மேல்பாகம் தைக்கப் போனார். பையனின் செய்தி விடுதி வார்டன் மூலம் மெயிலில் வரும்.

ஒருநாள் பாஸ்வேர்டைப் போட்டால் மெயில் திறக்கவில்லை. அக்சா உடனே கேட்டாள்:

“பாஸ்வேர்டு மறந்துட்டா ஒரு கேள்வி கேக்கும்னு சொன்னேனே, பொறந்த ஊர் எதுன்னு. அதுக்கு இன்னா பதில் போட்ட?”

“சோளிங்கர்னுதான்.”

“அது உன் வீட்டுக்காரருக்குத் தெரியாதாக்கா?”

தேவகி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். “பொய் போடச் சொன்னியே, பயமா இருந்திச்சும்மா. ரேஷன் ஆபீசுல வயச மாத்திச் சொன்னதுக்கே அட்டைய நிறுத்திட்டாங்க. கம்ப்யூட்டர்ல பொய் சொன்னா உள்ள தூக்கி வெச்சிர மாட்டாங்களா?”

வாழ்நாள் முழுக்க ஆபீஸ் ஜன்னல் ஜன்னலாக நின்று உண்மை சொல்லி நிரூபிக்க வேண்டியிருந்த ஜனம். மெயிலும் அவர்களுக்கு இன்னொரு ஜன்னல்தான். அக்சா அவரைத் திட்டவில்லை. அதே ‘சோளிங்கரை’ வைத்து மெயிலைத் திரும்பப் பிடித்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள், கேள்வியையும் மாற்றினாள். இந்த முறை தேவகி பொய் போட்டார். அந்த ஆள் அதே பதிலைப் போட்டு உள்ளே புகுந்து, பாஸ்வேர்டை மாற்றி, இதற்குள் எல்லாவற்றையும் படித்திருந்தான். ஸ்டேஷன் எதிர் மாடிக் கடையிலிருந்து எழுதுகிறேன் என்று தேவகி வார்டனுக்கு எழுதியதும் அதில் இருந்தது. விடுதி எந்த ஊர் என்பது மட்டும் எங்கும் இல்லை. ஊர்ப் பெயர் போடாமல் எழுதுங்கள் என்று அக்சா முன்பே வார்டனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றே கொட்டகைக்காரர்கள் எல்லோரையும் வரவழைத்துப் பதில்களை மாற்றச் சொன்னாள். “வாயில வந்த பொய்யப் போடுங்க. கேஸ் வந்தா நான் ஜெயிலுக்குப் போறேன்” என்றாள். கன்னியப்பன் என்ற பெரியவர் (இவர் தன் நிஜப் பெயரையே இங்கே எழுதச் சொல்லிவிட்டார்) முதலில் வளர்த்த நாயின் பெயர் என்ற கேள்விக்குத் தன் பழைய மேஸ்திரியின் பெயரை அடித்துவிட்டு, அதை உரக்கச் சொல்லிச் சிரித்தார்.

“சத்தமாச் சொல்லிட்டீங்க. மாத்துங்க” என்றாள் அக்சா.

“போ பாப்பா, இதவிட நல்ல நாய் எனக்குக் கெடைக்காது.”

“மாத்துங்க பெரியவரே.”

மாற்றினார்.

மறுநாள் மத்தியானம் அக்சாவுக்குச் சோறு எடுத்துப் போயிருந்தேன். பலகைத் தடுப்புக்குப் பின்னால் தேவகி மகனுக்கு எழுதிக்கொண்டிருந்தார். விசைகள் ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் படியேறி வந்து, தான் அருணகிரி என்றும் தேவகியின் வீட்டுக்காரர் என்றும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டார். உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

“எம்மா, என் பொண்டாட்டி லெட்டரெல்லாம் இங்கதான் இருக்குதாம். பையன் எந்த ஹாஸ்டல்னு பாத்துச் சொல்லிடு. நான் போய்ட்டே இருக்கேன்.”

“இங்க யார் லெட்டரும் யாருக்கும் காட்டறதில்ல.”

“நான் புருசன்மா.”

“இருந்துட்டுப் போங்க. அதுக்கு?”

“போலீசக் கூட்டிட்டு வரட்டா?”

“வாங்க. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்.”

அவர் குரல் மாறியது. “கண்ட எடத்துல படுத்துக் கெடக்கறவளுக்கு இன்னாடி ரகசியம்?” என்று சொல்லிக்கொண்டே தடுப்புப் பக்கம் காலை எடுத்து வைத்தார். நான் முன்னால் போனேன். அக்சா, “அண்ணா, நீ இரு” என்றாள். எழுந்து வந்து தடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“செரி, ரகசியமே வேணாம். உங்க செல்போனக் குடுங்க. யார் யாருக்குப் பேசினீங்க, இன்னா மெசேஜ் அனுப்பினீங்கன்னு இங்கயே சத்தமாப் படிக்கறேன். அப்புறம் உள்ள போங்க.”

அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

“குடுங்க” என்று அக்சா கையை நீட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினார். பையைப் பொத்திய கையை எடுக்காமலே படியிறங்கினார். தடுப்புக்குப் பின்னால் ஒரு விசை தட்டியது, பிறகு இன்னொன்று. அவர் தெருவைத் தாண்டி ஸ்டேஷன் கூட்டத்தில் மறையும் வரைக்கும் அக்சா நீட்டிய கையை மடக்கவில்லை.